பத்திரிகை வாபஸ்

ஜனவரி 20, திங்கள்

முதல் ஷாட் எடுத்தாகிவிட்டது! காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு. ஏழு வருடம் யார் யாருக்கோ உதவி இயக்குநராக வெயிலில் ஓடியவள், இன்று என் வாயால் "ஆக்‌ஷன்" என்றேன். குரல் கிறீச்சிட்டது. நாங்கள் டப்பிங் இல்லாமல் லைவ் சவுண்டில் எடுக்கிறோம், ஆகவே கிறீச்சும் பதிவாகிவிட்டது. போகட்டும்.

படத்தின் பெயர் 'பத்திரிகை வாபஸ்'. கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறான். ஊரெல்லாம் கொடுத்த பத்திரிகைகளை வீடு வீடாகப் போய்த் திருப்பி வாங்காமல் விடமாட்டேன் என்று பெண் கிளம்புகிறாள். மாப்பிள்ளை வீட்டு உறவினர்களின் வீடுகள் தெரிந்த ஒரே ஆள் மாப்பிள்ளையின் அம்மா. இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஒரே வேனில் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. கேட்கிறவர்கள் எல்லோரும் "உன் கதையா?" என்கிறார்கள். இல்லை. என் கல்யாணமும் பதினொரு நாள் முன்னால்தான் நின்றது, அது தற்செயல். நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அப்பா போனில் சொல்லி முடித்தார். மூன்று வருடமாகிறது, மறந்தும் போயிற்று. எங்கள் ஊர் கோபிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு, இத்தனை நாளில் ஒருவர்கூட என்னைக் குத்திக் கேட்டதில்லை.

கல்யாணத்தை நிறுத்திய மேற்படி ஆளின் பெயர் இந்த நோட்டில் வராது. இது படப்பிடிப்பு நோட்டு.

பெரிய பெரிய படங்கள் எடுத்து எடுத்து இந்த ஊருக்கு சினிமா பழகிவிட்டது. டீக்கடைக்காரர் எங்களுடைய ஒரே கேமராவையும் ஒன்பது ஆட்களையும் எட்டிப் பார்த்துவிட்டு, "மீதி வண்டியெல்லாம் எப்பங்க வருது?" என்று கேட்டார். வராது என்றதும் டீ ஆறிப்போய் வந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் லோகநாதன் வீட்டுச் சமையல் ஏற்பாடு செய்திருந்தார். ஒரு மணிக்கு ஆட்டோ வந்தது. சோற்றுப் பாத்திரத்தை, எங்கள் பக்கத்தில் போசி என்போம், தூக்கிக்கொண்டு இறங்கியது மேற்படி ஆளின் அம்மா வசந்தாமணி. அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். "சோறு சூடா இருக்குதுங்க, ஆறறதுக்குள்ள உண்ணச் சொல்லுங்க" என்று லோகநாதனிடம் சொல்லிவிட்டு அதே ஆட்டோவில் திரும்பிப் போய்விட்டார். லோகநாதன் பவானிக்காரர், பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் சாப்பிடவில்லை. இரண்டரை மணிக்குச் சாப்பிட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

சமையலுக்கு வேறு ஆள் பார்க்கச் சொன்னேன். இன்று அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய். அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 23, வியாழன்

அம்மா வேடத்துக்குப் பேசியிருந்த நடிகை இன்று போன் செய்தார். சீரியலில் பெரிய வேடம் கிடைத்துவிட்டதாம், மன்னிக்க வேண்டுமாம். மன்னிக்கவில்லை. நாற்பத்தொரு காட்சியில் இருபத்தாறில் அந்த அம்மா இருக்கிறாள். கேமரா வாடகையும் கதாநாயகி நிலோஃபரின் தேதியும் பிப்ரவரி பதின்மூன்று வரைதான். அதற்குள் முடியாவிட்டால் படம் இல்லை, இன்னொரு ஏழு வருடம் ஓட என் காலில் தெம்பும் இல்லை. வேனுக்குள் உட்கார்ந்து கத்தினேன். வெளியே ஒலிப்பதிவாளர் மைக்கை அணைக்க மறந்திருக்கிறார்.

கேமராமேன் ஜெரோம் நாகர்கோவில்காரன், ஒரு நாளைக்கு ஆறு வாக்கியம் பேசுவான். மானிட்டரைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தான். வசந்தாமணி ஆட்டோக்காரரிடம் குழம்பு சிந்தியதற்குச் சண்டை போடுகிறார். ஃபோகஸ் சரிபார்க்கச் சும்மா எடுத்தானாம். சண்டை போட்டு முடித்ததும் அதே ஆட்டோக்காரருக்கு ஒரு டிபன் பாக்ஸில் குழம்பு ஊற்றிக் கொடுக்கிறார், முறைத்துக்கொண்டே. நாற்பது வினாடி. நான் மறுபடி ஓடவிட்டேன்.

"இந்த முகத்த விட்டா நீ டைரக்டர் இல்ல" என்றான் ஜெரோம். அன்றைய ஆறு வாக்கியத்தில் அது கடைசி.

ஜனவரி 24, வெள்ளி

கேட்டேன். பாத்திரம் கழுவுகிற குழாயடியில் நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாததால் "ஏனுங்க" என்றுதான் ஆரம்பித்தேன்.

"நடிக்கறதா? நானா?" என்றார். "நல்ல அம்மாவா, கெட்ட அம்மாவா?"

"கெட்ட அம்மாங்க."

"கதை யாரோடது?"

"முழுக்கக் கற்பனைங்க."

"கற்பனையா" என்று சொல்லி, போசியைக் கவிழ்த்து வைத்து, முந்தானையில் கையைத் துடைத்தார். பிறகு மூன்று நிபந்தனை சொன்னார். ஒன்று, சமையலை அவரேதான் பார்ப்பார். இரண்டு, பூஜை போடாமல் படத்தை ஆரம்பித்தது தப்பு, ஞாயிற்றுக்கிழமையே பூசணிக்காய் சுற்றி உடைக்க வேண்டும். சுயாதீனப் படத்துக்கு அதெல்லாம் கிடையாது என்றேன். "எந்தப் படமா இருந்தா என்ன, கேமரா கேமராதான கண்ணு?" என்றார். மூன்றாவது, பிப்ரவரி ஒன்பது, பத்து இரண்டு நாளும் வர முடியாது. வீட்டில் ஒரு விசேஷமாம்.

என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. எனக்கெதற்கு அது?

அவருக்கு சினிமா புதிதில்லையாம். பத்தொன்பது வயதில் இங்கே நடந்த ஒரு பெரிய படப்பிடிப்பில் மாவிளக்குத் தட்டோடு மூன்று நாள் கூட்டத்தில் நின்றாராம். "தேட்டர்ல போய்ப் பாத்தா முழங்கை மட்டும் வந்துச்சு. வளையல வெச்சு நாந்தான்னு கண்டுபுடிச்சோம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

என்ன நாள்! என்ன நாள்!

பூசணிக்காய் உடைத்தோம். வசந்தாமணி கேமராவுக்குத் திருநீறு வைக்கப் போக, ஜெரோம் லென்ஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அதன்பிறகு எடுத்ததெல்லாம் தங்கம். நிலோஃபர் மூன்று படம் நடித்த சென்னைப் பெண், வசனத்தை நீட்டிச் சொல்லுகிற பழக்கம் உண்டு. இந்த அம்மாள் எதிரே நின்றதும் அதெல்லாம் காணாமல் போய்விட்டது. வேனில் இரண்டு பேரும் பேசாமல் முறுக்குத் தின்கிற காட்சிக்கு நான் கட் சொல்லவே மறந்தேன். முறுக்குத் தீர்ந்ததும் அவர்களாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

முதல் வீட்டுக் காட்சியில் மட்டும் தகராறு. வாசற்கதவருகே நின்று பத்திரிகையைத் திருப்பிக் கேட்பதாக எழுதியிருந்தேன்.

"அப்படிக் கேக்கக் கூடாது கண்ணு" என்றார். "உள்ள போய் உக்காந்து ஒரு சொம்புத் தண்ணி வாங்கிக் குடிச்சுப்போட்டுத்தா பேச்ச எடுக்கோணும். தண்ணி குடுத்துட்டாங்கன்னா அப்பறம் அவங்களால கோவமாப் பேச முடியாது. அப்பறம், பத்திரிகைய வெறுங்கைல வாங்கறதில்ல. நாமதான மஞ்சத் தடவிக் குடுத்தோம்? துணிப் பைய விரிச்சுத்தா வாங்கோணும்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று நிலோஃபர் கேட்டாள்.

"ரோசன பண்ணுனா தெரியாதா?" என்று அவர் பையை உதறிக்கொண்டார்.

அவர் சொன்னபடியே எடுத்தோம். தண்ணீர் குடித்த சொம்பைக் கீழே வைக்கிற அந்த ஒரு சத்தத்துக்கே டிக்கெட் வாங்கலாம். நல்ல கற்பனை சக்தி உள்ள பெண்மணி.

ஜனவரி 28, செவ்வாய்

நாலு ஷாட், ஒவ்வொன்றும் ஒரே டேக்கில்! சமையலுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டாம் என்று லோகநாதனிடம் சொல்லிவிட்டேன். அவர் பார்க்கவே ஆரம்பிக்கவில்லையாம்.

ஜனவரி 31, வெள்ளி

எழுத்தாக இருக்கிற காட்சிகளை வசந்தாமணிக்கு நிலோஃபர்தான் படித்துக் காட்டுவாள். இன்று கடைசிக் காட்சி வரைக்கும் படித்துவிட்டாள். காட்சி நாற்பத்தொன்றில் அந்த அம்மா செத்துப்போகிறாள். பெண் வருகிறாள், பிணத்தைப் பார்க்கிறாள், திரும்ப வாங்கிய பத்திரிகைப் பையைக் கால்மாட்டில் வைக்கிறாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் போகிறாள். படம் முடிகிறது. நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த காட்சி இதுதான்.

சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து ரசம் ஊற்றினார்.

"கல்யாணத்த நிறுத்தச் சொன்னது அந்த அம்மாதான்னு எழுதியிருக்கற. சினிமாக்காரப் புள்ள வேண்டாம்னு சொன்னாள்னு."

"படத்துல அப்படிங்க."

"படத்துல. சரி." இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார். "இந்தப் படத்த யாரு பாக்கோணும்னு எடுக்கற கண்ணு?"

"மக்கள்" என்றேன். "திரைப்பட விழாக்கள்."

"அவங்கெல்லாம் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். ரசம் அதிகக் காரம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

இன்று நடந்ததை எப்படி எழுதுவேன்! கூகலூரில் ஒரு வீடு. காட்சி இயல்பாக இருக்கட்டும் என்று ஜெரோமும் நானும் கேமராவோடு எதிர்ப்பக்கம் ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டோம். சத்தம் மட்டும் என் ஹெட்ஃபோனில் கேட்கும். வசந்தாமணியும் நிலோஃபரும் போய்க் கதவைத் தட்ட வேண்டும், அந்த வீட்டு மருமகள் திறக்க வேண்டும். அவளுக்கு வசனமெல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று. கதவைத் திறந்தது மாமியார். மாரக்காள் என்று பெயர், எழுபது வயதிருக்கும். படப்பிடிப்பு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வசந்தாமணி நடிப்பை விடாமல், "பெரிம்மா, பத்திரிகையத் திருப்பி வாங்கலாம்னு வந்தனுங்க" என்றார்.

மாரக்காள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "ஐயோ வசந்தா! மறுக்காவுமா? இந்தக் கல்யாணமும் நின்னு போச்சா? போன தடவதான வந்து அந்த அழுகை அழுதுட்டுப் போன! உன்ற பையனுக்கு என்னதா வேணுமாம்?" பிறகு நிலோஃபரைப் பார்த்து, "இந்தப் புள்ளயா? கிளியாட்ட இருக்குதே, இதப் போயா வேண்டாங்கறான்?" என்றார்.

நிலோஃபர் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெரோமின் தோள் குலுங்கியது. கேமராவும் குலுங்கியிருக்கும். "இல்லீங் பெரிம்மா, இது சூட்டிங்கு" என்று வசந்தாமணி சொல்லச் சொல்ல, "சூட்டிங்கா? கேமராவக் காணோம்?" என்று அவர் நம்பவே இல்லை. உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்து வந்து துணிப் பையில் போட்டுவிட்டு இன்னொரு பாட்டம் அழுதார். அதைப் பார்த்தேன், நிஜப் பத்திரிகை. பிப்ரவரி பத்து, திங்கட்கிழமை. மணமகன் பெயர் மேற்படி ஆளின் பெயர்.

அதைத் திருப்பிக் கொடுத்து, வீட்டு ஆட்களிடம் விஷயத்தைச் சொல்லிப் புரியவைத்துவிட்டுக் கிளம்பினோம். வேனில் வரும்போது வசந்தாமணி, "அந்த அம்மாவுக்கு வயசாயிப் போச்சு கண்ணு. வேற யாரையோ நெனச்சுட்டுப் பேசுது" என்றார்.

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அந்த ஒலிப்பதிவை நாலு தடவை கேட்டேன், இரைச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இரைச்சல் இல்லை. 'போன தடவ' என்பது தெளிவாகக் கேட்கிறது.

பிப்ரவரி 5, புதன்

வீட்டு ஆட்களுக்குச் சொன்னோமே தவிர, மாரக்காள் அதற்குள் போனில் யார் யாருக்குச் சொல்லியிருந்தாரோ. இரண்டே நாளில் கோபி முதல் அந்தியூர் வரைக்கும் வசந்தாமணி மகனுக்கு இரண்டாவது கல்யாணமும் நின்றுவிட்டது என்று பரவியிருக்கிறது. பெண் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து விசாரித்துவிட்டார்களாம்.

பதினொன்றரைக்கு என் போன் அடித்தது. மேற்படி ஆள். எண்ணை நான் அழித்து வெகுநாளாகிறது, ஆனாலும் கடைசி நாலு இலக்கம் பார்த்ததுமே யாரென்று தெரிந்தது. மூன்று வருடத்தில் முதல் தடவை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பச்சைப் பொத்தானைத் தொடுவதற்குள் ஒரு முழு மன்னிப்பை நானே அவனுக்காக மனதில் எழுதி முடித்துவிட்டேன். பதிலும் எழுதிவிட்டேன், கம்பீரமான பதில்.

"தாரணி, அம்மாவ இதுல இருந்து விட்டுரு" என்றான். "பழி வாங்கறதுன்னா என்ன வாங்கு, அவங்க பாவம். இனிமே அவங்க வரமாட்டாங்க."

நான் எழுதி வைத்திருந்த பதிலுக்கு இந்தக் கேள்வி பொருந்தவில்லை. "மூணு சீன்தான் பாக்கி" என்றேன். அவன் வைத்துவிட்டான். சீ, இவனுடைய போனுக்கா நான் இத்தனை நாள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்!

பிப்ரவரி 6, வியாழன்

போசி மட்டும் ஆட்டோவில் வந்தது. அவர் வரவில்லை. கீரைக் கடைசல். யாரும் இரண்டாம் தடவை போட்டுக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

நிலோஃபர் தனியாக வருகிற காட்சிகளை எடுத்தோம். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நடித்துவிட்டுப் பக்கத்துச் சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். நான்தான் பார்க்கச் சொன்னேன் என்று ஜெரோம் நினைத்துக்கொண்டிருக்கிறான். நான் சொல்லவில்லை.

மூன்று காட்சி பாக்கி. மூன்றிலும் அம்மா வேண்டும். இன்னும் ஆறு நாள்.

பிப்ரவரி 10, திங்கள்

விடுமுறை. எல்லோருக்கும் ஓய்வு தேவைப்பட்டது, வேறு காரணமில்லை.

முகூர்த்தம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரைக்கும் என்று காலண்டரில் போட்டிருந்தது. கிழமை பார்க்கத்தான் காலண்டரைப் பார்த்தேன். தலைக்குக் குளித்தேன். அழுக்குத் துணியெல்லாம் துவைத்தேன், அழுக்கில்லாததையும் துவைத்தேன். ஏழரை மணிக்கு அம்மா இரண்டு தோசை கூடுதலாக வைத்தாள். சாப்பிட்டேன். ஏழு முப்பத்தொன்றும் ஏழு இருபத்தொன்பது மாதிரியேதான் இருந்தது.

நாள் முழுக்க நினைத்தது அவனை இல்லை. அந்த அம்மாள் இன்று மண்டபத்தில் சாப்பிட்டாரா, இல்லை பந்தியைக் கவனித்துக்கொண்டே பட்டினி கிடந்தாரா என்றுதான். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

நேற்றோடு அவர் சொன்ன விசேஷம் முடிந்தது. இன்றும் வரவில்லை. மற்ற இரண்டு காட்சிகளையும் அம்மா இல்லாமல் மாற்றி எழுதினேன். காட்சி நாற்பத்தொன்றில் முகத்தை மூடிவிட்டு யாரையாவது படுக்க வைக்கலாம் என்று ஜெரோம் சொன்னான். லோகநாதனைப் படுக்க வைத்து ஒத்திகை பார்த்தோம். தொப்பை ஏறி இறங்குகிறது.

பிப்ரவரி 12, புதன்

காலை ஆறரை. லோகநாதன் சேலை சுற்றிக்கொண்டு கூடத்தில் மல்லாந்து கிடக்கிறார். வாசலில் ஆட்டோ சத்தம். வசந்தாமணி! கல்யாணப் பட்டுச்சேலை, தலையில் வாடின முல்லைப்பூ, ஒரு கையில் போசி, இன்னொரு கையில் கட்டைப்பை.

லோகநாதனைப் பார்த்தார். "இது யாரு பொணம்?" என்றார். பிறகு என்னிடம், "எந்தச் சேல கட்டோணும் கண்ணு?"

நான் கத்திவிட்டேன் என்று சொன்னார்கள். நினைவில்லை. நிலோஃபர் அவரைக் கட்டிக்கொண்டதும், போசி சரிந்ததும், ஜெரோம் ஓடிப்போய்ப் பிடித்ததும்தான் தெரியும்.

"உங்க பையன்..." என்று இழுத்தேன்.

"சொல்லிப்போட்டுத்தா வந்தேன். கல்யாணத்துக்கு அம்மா வேணும்னான், இருந்தேன். முடிஞ்சுது. படத்துக்கும் அம்மா வேணுமல்லோ?"

"நல்லா நடந்துதுங்களா?"

"நல்லா நடந்துது கண்ணு."

எனக்கு எங்காவது வலிக்கும் என்று காத்திருந்தேன். வலிக்கவில்லை. பசித்தது. போசியில் கல்யாண வீட்டுச் சேமியாப் பாயசம் இருந்தது, ஒரு டம்ளர் குடித்தேன்.

எட்டு மணிக்குக் காட்சி நாற்பத்தொன்று. ஜன்னல் வெயில் அவர் முகத்தில் விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தார். நிலோஃபர் வந்தாள், பார்த்தாள், பையை வைத்தாள், போனாள். கண்ணீர் இல்லை. நான் எழுதியபடியே, இரண்டாவது டேக்கில். "ஓகே!" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மூன்று வருடம் ஆசைப்பட்ட காட்சி. மானிட்டரில் அதைத் திருப்பிப் பார்த்தால், செத்துப்போன அம்மா ஒருத்தி, அவளுக்கு எதுவுமே சொல்லாமல் போகிற முட்டாள் பெண் ஒருத்தி.

வசந்தாமணி எழுந்திருக்கப் போனார். "எந்திரிக்காதீங்கம்மா!" என்று லோகநாதன் பாய்ந்து வந்தார். "பொணமா நடிச்சவங்க கேமராவப் பாத்துச் சிரிச்சுப்போட்டுத்தா எந்திரிக்கோணும். இல்லீன்னா ஆகாதுங்க."

"அது எனக்குத் தெரியாதா? பெரிய பெரிய ஆளுகளே சிரிச்சுப்போட்டுத்தா எந்திரிப்பாங்க" என்றார் அவர். ஜெரோம் கேமராவை ஓடவிட்டான். அவர் கண்ணைத் திறந்தார். உதடு விரிந்தது. சிரிப்பு வரவில்லை. மறுபடியும் முயன்றார். மூன்று நாள் கல்யாண வேலை பார்த்த முகம், அப்படியே சுவர் மாதிரி இருந்தது.

"வர மாட்டேங்குது கண்ணு" என்றார். குரலில் பயம் இருந்தது. நிஜமான பயம்.

லோகநாதன் சேலையோடு ஆடிக் காட்டினார். நிலோஃபர் கிச்சுகிச்சு மூட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. நான் மானிட்டரை விட்டு எழுந்து போய்ப் பாயில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிரிக்க வைக்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"போன தடவை எத்தன வீட்டுக்குப் போனீங்க?"

அவர் கூரையைப் பார்த்தபடியே இருந்தார். "எங்க பக்கத்துக்கு நூத்திப் பத்துப் பத்திரிக வெச்சிருந்தோம். நூத்தி எட்டு வீட்டுக்குப் போனேன். பஸ்ஸுலதா."

"என்ன சொன்னீங்க?"

"தப்பு என்ற பையன் மேலதா, அந்தப் புள்ள தங்கம், அவளப் பத்தி ஒரு சொல்லு யாரும் பேசப்படாதுன்னேன். சத்தியம் வாங்கிட்டு வந்தேன்."

கோபிக்காரர்கள் நல்லவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் துணிப் பையோடு அவர்களை நல்லவர்களாக்கிவிட்டு வந்திருக்கிறாள். அவரைக் கெட்ட அம்மாவாக எழுதி, சாகடித்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

"மீதி ரெண்டு?"

"ஒரு வீட்ல நாயி உள்ள உடல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. "இன்னொண்ணு உங்கூடு. சம்மந்தி ஊட்டுக்குன்னு மொதப் பத்திரிக அங்கதான வெச்சோம். மூணு தடவ வந்தேன் கண்ணு. தெரு முக்குல நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டேன். உங்கிட்ட எப்படிக் கேக்கறது?"

"இப்பக் கேளுங்க அத்தை."

அத்தை என்று வந்துவிட்டது. அந்தச் சொல்லுக்கு முந்தாநாள் முதல் வேறொருத்தி உரிமைக்காரி. ஆனாலும் வந்தது வந்ததுதான், திருப்பி வாங்க மாட்டேன்.

அவர் மெல்லத் திரும்பிப் படுத்து என் முகத்தைப் பார்த்தார். "அந்தப் பத்திரிகையத் திருப்பிக் குடுத்துரு சாமி" என்றார்.

"குடுக்க முடியாதுங்க. எங்கப்பா அத மடிச்சு சாப்பாட்டு மேசைக் காலுக்கு முட்டுக் குடுத்திருக்காரு. நல்ல கெட்டி அட்டை. மூணு வருசமா அதும்மேலதா நாங்க சோறு உண்றோம். எடுத்தா மேச ஆடும்."

முதலில் அவர் வயிறு குலுங்கியது. பிறகு தோள். பிறகு கூடமே அதிரும்படி ஒரு சிரிப்பு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, "மேசைக்கா! நான் பாத்துப் பாத்துப் பொறுக்குன அட்டைய மேசைக்கா!" என்று என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம், ஒளிப்பதிவில் இருக்கிறது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. மூன்று வருடத்துக்கும் சேர்த்து அழுதேன். ஜெரோம் கட் பண்ணவே இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பூசணிக்காய் உடைத்துவிட்டோம். படப்பிடிப்பு முடிந்தது! முடிந்தேவிட்டது!

நிலோஃபர் கண்ணீரில்லாமல் போகிற ஷாட்டைத் தூக்கிவிடச் சொன்னேன். படம் அந்தச் சிரிப்பில் முடியும். அதில் பாதித் திரைக்கு என் பின்மண்டை தெரிகிறது என்று ஜெரோம் எச்சரித்தான். தெரியட்டும் என்றேன். அப்போது படத்தில் தான் சாகவில்லையா என்று வசந்தாமணி போனில் கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் எதுக்குக் கண்ணு என்ன அத்தன நேரம் மூச்சப் புடிச்சுட்டுக் கெடக்கச் சொன்ன?" என்று சண்டைக்கு வந்தார்.

மாலை நாலு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் துணிப் பை. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வசந்தாமணி உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முழுச் சொம்பையும் குடித்துக் கீழே வைத்தார். பிறகு குனிந்து, அப்பா மேசையைத் தூக்கிப் பிடிக்க, அதை உருவி எடுத்தார். நாலாக மடித்தது, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. நான் பையை விரித்தேன். போட்டார்.

இதை அந்த மேசையில்தான் எழுதுகிறேன். ஆடுகிறது. எழுத்துக் கோணலாக வருகிறது, அதனால் இன்றைக்கு இவ்வளவு போதும்.